சில்லறை

குஷிரோவில் ஜூலை என்றால் பனிமூட்டம்.
இரவு ஒன்பதரைக்குப் பத்து நிமிடம்.
ஓட்டல் வரவேற்பு மேசைக்குக் கீழே,
வருகிறவர் கண்ணில் படாத தட்டில்
என் கைப்பேசி மல்லாந்து கிடக்கிறது.

ஒரு டாலர், நூற்று நாற்பத்து மூன்று யென் இருபது சென்.
அரைமணியாக அதே இடம்.
துறைமுகத்துப் படகுகள்போல
விளக்கை மட்டும் எரியவிட்டு
யாரும் நகராமல் நிற்கிறார்கள்.

மாதத்தின் முதல் வெள்ளி.
வாஷிங்டனில் காலை எட்டரைக்கு ஓர் எண்ணைச் சொல்வார்கள்:
போன மாதம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது.
வல்லுநர்கள் எதிர்பார்ப்பது ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம்.
குறையும் என்று நான் விற்றிருக்கிறேன்,
இருபதாயிரம் டாலர், என்னிடம் இல்லாத டாலர்.
குறைவு என்றால்
பார்த்திராத ஊரில் யாரோ ஒருத்திக்கு
வரவேண்டிய அழைப்பு வரவில்லை.
ஒருமுறை அவளை யோசித்தேன்.
பிறகு யோசிப்பதில்லை.
அதற்குப் பெயர் ஒழுங்கு என்று
டோமாகோமாயில் ஒருநாள் வகுப்பில் சொன்னார்கள்,
மதியச் சாப்பாட்டோடு எட்டாயிரம் யென்.

ஒன்பது இருபத்தொன்பது.
வாங்கும் விலையும் விற்கும் விலையும்
ஒட்டி நின்ற இருவர் கைகலப்புக்கு முன்
விலகுவதுபோல விலகுகின்றன.
இரண்டு சென். ஐந்து. பதினொன்று.

அப்போதுதான் லிஃப்ட் திறந்தது.
நானூற்றேழு. இட்டோகாவா,
தூர்வாரும் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்பவர்.
ஓட்டல் யுகாத்தா, கக்கத்தில் மூன்று சட்டை.
"சலவை இயந்திரத்துக்குச் சில்லறை வேண்டும்."
ஆயிரம் யென் தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.
இரண்டு கையாலும் வாங்கினேன்.

ஒன்று, இரண்டு.
கீழே தட்டில் வெளிச்சம் நடுங்கியது.
மூன்று, நான்கு.
பன்னிரண்டு வருடமாக இங்கே நான் செய்யும் நாணய மாற்று:
ஒரு தாளுக்குப் பத்துக் காசு,
இடைவெளி பூஜ்யம், கழிவு பூஜ்யம்,
எந்த நாட்டு எண்ணும் இதை அசைத்ததில்லை.
ஏழு. எட்டு.
"மூட்டம் நாளைக்கு விலகுமா?"
"மதியத்துக்கு மேல் விலகலாம்."
குஷிரோவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

அவர் போனபிறகு குனிந்தேன்.

ஒரு லட்சத்துப் பதினோராயிரம்.
நான் சொன்னதுதான். நான் சொன்னதேதான்.
ஆனால் முந்தின மாதத்தை
அவர்கள் திருத்தியிருந்தார்கள், மேல்நோக்கி.
சம்பளமும் ஒரு பின்னம் கூடியிருந்தது.
நாலு விநாடி டாலர் துள்ளியிருக்கிறது.
ஐம்பதில் போட்டிருந்த என் ஸ்டாப்
எழுபத்திரண்டில்தான் பிடிபட்டது.
நடுவில் என் விலைக்கு ஆளே இல்லையாம்.
நஷ்டம் பத்தாயிரத்து நானூறு யென்.
இந்த இரவுக்கு ஓட்டல் தருவது பத்தாயிரத்து அறுநூறு.
அப்புறம் விலை இறங்கியது,
நான் இல்லாமல், சாவகாசமாக,
நான் கோடு போட்டு வைத்த இடம்வரைக்கும்.

கோபம் வரவில்லை.
அந்தத் திருத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
முடிந்துபோன மாதத்தைத் திரும்ப எடுத்து
தப்பாக எண்ணிவிட்டோம் என்று
வேறு எண் எழுதிக்கொள்ளலாமாம்,
ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை.
என்னிடமும் ஒரு மார்ச் இருக்கிறது,
போனவர் ஒருவர் என்று பதிவாகியிருக்கும் மார்ச்.

பத்து மணிக்கு இட்டோகாவா மறுபடி இறங்கி வந்தார்.
ஈரத் தலை. கால்களில் ஜோடி மாறிய செருப்பு.
"பதினொன்று கொடுத்துவிட்டீர்கள்"
என்று ஒரு நூறு யென் காசை மேசைமேல் வைத்தார்.
மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார், எதற்கோ.

அடித்தளத்தில் துணி சுழலும் சத்தம்.
காசு இன்னும் மேசைமேல்.
கல்லாவில் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் காலையில் கணக்கு உதைக்கும்.
கைப்பேசியில் நாட்காட்டி திறந்திருக்கிறது:
அடுத்த செவ்வாய், ஒன்பதரை, விலைவாசி.
எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில் ஓர் எண்.
முந்தையது என்ற கட்டத்தில் ஓர் எண்.
நடுக் கட்டம் காலி.